விழித்திரை வீக்கத்துக்கு லேசரும் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் நோயாளிகளுக்கும் அவர்களுடன் வருபவர்களுக்கும் சிகிச்சையை விளக்கிச் சொல்வது என் வேலை. மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: உள்ளே கேட்கத் தயங்கியவை, வீட்டுக்குப் போன பிறகு நினைவுக்கு வந்தவை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுப் பயந்தவை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மிகப் பெரும்பாலானவை சர்க்கரை நோயால் விழித்திரையின் மையத்தில் ஏற்படும் வீக்கத்தைப் பற்றியவை என்பதால் பதில்களும் அதையே முதன்மையாகக் கொண்டுள்ளன. பிற காரணங்களுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. உங்கள் கண்ணைச் சோதித்துப் பார்த்தவர் உங்கள் மருத்துவர்தான். இந்தப் பதில்கள் அவரிடம் தயங்காமல் பேச உங்களுக்கு உதவினால் போதும்.

"நரம்புல நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொல்றார். கண்ணுக்குள்ள நீர் எங்கிருந்து வந்துச்சு?"

பேச்சுவழக்கில் கண் நரம்பு என்று சொல்லப்படுவது விழித்திரை, அதாவது ரெட்டினா. கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படர்ந்திருக்கும் மெல்லிய திசு அது. அதன் மையத்தில் உள்ள மாக்குலா என்ற சிறு பகுதியைக் கொண்டுதான் நாம் எழுத்தைப் படிக்கிறோம், முகத்தை அடையாளம் காண்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம். பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமடைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியும் அதிலுள்ள புரதமும் கொழுப்பும் அந்தச் சுவர் வழியாகக் கசிந்து திசுவுக்குள் தேங்குகின்றன. ஆகவே இது வெளியிலிருந்து வந்த நீர் அல்ல. கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மாக்குலாவின் நடுப்பகுதி இயல்பில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நீர் தேங்கும்போது அது இருமடங்காகக்கூட உப்பிவிடுவதுண்டு. சென்னையில் நடந்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளில், சர்க்கரை நோயாளிகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 18 பேரிடம் ஏதோ ஒரு நிலையில் விழித்திரைப் பாதிப்பு இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கே மையத்தில் வீக்கம் ஏற்படுகிறது. ஆனால் படிக்கும் பார்வையை முதலில் குறைப்பது பெரும்பாலும் இந்த வீக்கம்தான்.

"புதுக் கண்ணாடி போட்டா சரியாகாதா?"

ஆகாது. ஒளியை விழித்திரையின் மீது சரியாகக் குவிப்பது மட்டுமே கண்ணாடியின் வேலை. ஒளி விழும் இடமே வீங்கியிருக்கும்போது எந்தப் பவரும் முழுப் பயன் தராது. வீக்கம் ஏறி இறங்கும் காலத்தில் வாங்கிய கண்ணாடி சில மாதங்களிலேயே பொருந்தாமல் போகலாம் என்பதால், சிகிச்சை ஒரு நிலைக்கு வரும் வரை காத்திருப்பது நல்லது.

"எனக்கு வலியே இல்லை, பேப்பர் நல்லாத்தான் படிக்கிறேன். எதுக்குச் சிகிச்சை?"

விழித்திரைக்கு வலியை உணரும் திறன் இல்லை. ஒரு கண்ணில் வீக்கம் இருந்தாலும் மற்றொரு கண் ஈடு செய்துவிடுவதால் பலர் மாதக்கணக்கில் அறியாமலே இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொன்றால் நாள்காட்டியையோ சன்னல் கம்பிகளையோ பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தாலும், எழுத்தின் நடுவில் மங்கலாக ஒரு திட்டு தெரிந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஆனால் இந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. வீக்கம் கண்டவுடன் எல்லோருக்கும் கண்ணுக்குள் மருந்து செலுத்தும் ஊசி தேவை என்பதில்லை. மையத்தில் வீக்கம் இருந்தும் பார்வை ஏறத்தாழ முழுமையாக இருந்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஊசி, ஒரு குழுவுக்கு லேசர், ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளின் இறுதியில் பார்வை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தவர்களின் விகிதம் மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கண்காணிப்புக் குழுவில் பார்வை இறங்கத் தொடங்கியவர்களுக்கு உடனே ஊசி தொடங்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எனவே மருத்துவர் "இப்போதைக்குப் பார்ப்போம்" என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல. ஆனால் அவர் சொன்ன தேதியில் நீங்கள் வந்தால்தான் அது கண்காணிப்பு.

"ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு. மறுபடி கையில மஞ்சள் மருந்து ஏத்தி எதுக்குப் படம் எடுக்கணும்?"

இரண்டும் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன. ஓ.சி.டி. என்பது ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் படம். கண்ணைத் தொடாமல் சில நொடிகளில் எடுத்துவிடலாம்; எத்தனை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், நீர் எந்த அடுக்கில் இருக்கிறது, மேலே சவ்வு ஏதேனும் இழுக்கிறதா என்பவை அதில் தெரியும். ஒவ்வொரு வருகையிலும் எடுப்பது இதைத்தான். ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கைநரம்பில் செலுத்தி எடுக்கும் படம், எந்தக் குழாய் கசிகிறது, எந்தப் பகுதிக்கு இரத்தமே போகவில்லை என்பதைக் காட்டும். அது எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் தேவைப்படாது. அதற்குப் பிறகு ஒரு நாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். முன்பு மருந்து ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"லேசர் என்ன செய்யுது? ஓட்டையை அடைக்குதா?"

ஒரு வகையில் ஆம் என்றே சொல்லலாம். குறிப்பிட்ட நிற ஒளியைக் குவித்து, கசியும் நுண்குழாய்ப் புடைப்புகளின் மீதும் அவற்றைச் சுற்றியும் மிகச் சிறிய சூட்டுப் புள்ளிகளை வைக்கிறார்கள். ஒரு புள்ளியின் குறுக்களவு 50 முதல் 100 மைக்ரான், அது நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கசிவு அடைபடுவதோடு, அப்பகுதியின் செல்கள் தேங்கிய நீரை வெளியேற்றுவதற்கும் அந்தச் சூடு தூண்டுதலாகிறது என்று கருதப்படுகிறது. கூர்மையான பார்வைக்குரிய நடுப்புள்ளியின் மீது மட்டும் லேசர் வைப்பதில்லை.

இந்தச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மெயர்-ஷ்விக்கராத் என்ற கண் மருத்துவர், 1945-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவரின் விழித்திரையில் ஏற்பட்டிருந்த தீக்காயத்தைக் கண்டு, அதே சூட்டைக் கட்டுப்படுத்திச் சிகிச்சையாக்க முடியுமா என்று சிந்தித்தார். முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். பிறகு செனான் விளக்கு வந்தது. 1960-இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளில் அது கண்ணுக்கு வந்துசேர்ந்தது. மாக்குலா வீக்கத்தில் லேசர் பயன் தருகிறது என்பதை ஐயமின்றி நிறுவியது 1985-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. லேசர் செய்யாத கண்களில் 100-க்கு 24 மூன்று ஆண்டுகளில் கணிசமான பார்வையை இழந்தன. லேசர் செய்தவற்றில் 12 மட்டுமே இழந்தன. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் வரை இதுவே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது.

"லேசர் வெச்சு ஆறு மாசம் ஆச்சு. பார்வை ஏறவே இல்லையே?"

மேலே சொன்ன எண்களை மீண்டும் பாருங்கள். அந்த ஆய்வு அளந்தது எத்தனை பேர் பார்வையை இழந்தார்கள் என்பதைத்தான். லேசரின் உண்மையான வலிமை இருக்கும் பார்வையைக் காப்பதில் இருக்கிறது. இழந்ததைத் திரும்பத் தருவது அதனால் பெரும்பாலும் முடிவதில்லை. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் விடும்போதுதான் நோயாளிகள் ஏமாந்துவிட்டதாக உணர்கிறார்கள், அந்த வருத்தத்தில் மறுபரிசோதனைக்கும் வராமல் போகிறார்கள். லேசரின் பலன் தெரியவே மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். அதன் பிறகும் பார்வை அதே நிலையில் இருந்தால், பெரும்பாலும் சிகிச்சை தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே பொருள்.

"எங்க அண்ணனுக்கு ஆயிரத்துக்கு மேல புள்ளி வெச்சாங்க. எனக்குக் கொஞ்சம்தான். ஏன்?"

உங்கள் அண்ணனுக்குச் செய்தது வேறொரு நோக்கத்துக்கான லேசர். சர்க்கரைப் பாதிப்பு முற்றும்போது விழித்திரையில் புதிய, உறுதியற்ற இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை வெடித்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும், சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். அதைத் தடுக்க மையத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்பகுதி முழுவதும் பெரிய புள்ளிகளை, பொதுவாக 1200 முதல் 1600 வரை, ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் வைக்கிறார்கள். அது கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 1976-லேயே நிறுவப்பட்டுவிட்டது. அதற்கு விலையும் உண்டு: பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையும். சில நேரங்களில் அந்த லேசருக்குப் பிறகு மைய வீக்கம் தற்காலிகமாகக் கூடுவதும் உண்டு என்பதால், இரண்டும் தேவைப்படும் கண்ணில் முதலில் ஊசி, பிறகு லேசர் என்று திட்டமிடுகிறார்கள்.

"கண்ணுக்குள்ள ஊசின்னு கேட்டாலே நடுங்குது. நெஜமாவே கண்ணுலயா குத்துவாங்க?"

ஆம், கண்ணுக்குள்தான். இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. என்ன நடக்கும் என்று முன்பே அறிந்தவர்களே அமைதியாகப் படுக்கிறார்கள். முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து பலமுறை விடப்படும். இமைகளும் இமைமயிரும் அயோடின் கலந்த கிருமிநாசினியால் துடைக்கப்படும், கண்ணுக்குள்ளும் அது விடப்படும். தொற்றைத் தடுப்பதில் மிக முக்கியமான படி இதுதான், கொஞ்சம் எரியும். இமைகள் மூடாமலிருக்க ஒரு சிறு கம்பிக் கருவி வைப்பார்கள். நீங்கள் ஒரு பக்கமாகப் பார்க்கும்போது, கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில், மிக மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்து செலுத்தப்படும். அந்த இடத்தில் லென்சும் இல்லை, பார்வைக்குரிய விழித்திரையும் இல்லை. ஊசி உள்ளே இருப்பது ஓரிரு நொடிகள்.

பெரும்பாலானோர் உணர்வது ஓர் அழுத்தம் மட்டுமே. ஊசி நேராக முன்னால் வந்து குத்துவதைப் பார்க்க நேரிடும் என்ற அச்சமே பலருக்கும் பெரிது. ஊசி பக்கவாட்டிலிருந்து வருவதால் அது கண்ணில் படுவதில்லை. மயக்க மருந்து வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு வெறும் வயிற்றுடன் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம்.

"ஊசி போட்டதும் கண் ரத்தமா சிவந்துடுச்சு. ஆபத்தா?"

ஊசி நுழைந்த இடத்தில் மட்டும் வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு தெரிந்தால், அது மேற்பரப்பில் கசிந்த இரத்தம். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓரிரு வாரங்களில் தானாக மறையும். முதல் நாளில் கரும்புள்ளிகளோ வட்டமான குமிழியோ மிதப்பதும் இயல்பு. கிருமிநாசினியால் அன்று மாலை வரை உறுத்தலாம்.

ஆபத்தின் அடையாளம் வேறு. முதல் நாள் நன்றாக இருந்த கண், இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வலிக்கத் தொடங்கினாலோ, சிவப்பு குறையாமல் கூடினாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ, எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்வை இறங்கினாலோ, அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது நேர்கிறது; ஆனால் நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடக்கூடும். மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்று தயங்காதீர்கள், மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிவதும், ஓரத்திலிருந்து திரை மறைப்பதும் விழித்திரை கிழிந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் அவற்றுக்கும் இதே அவசரம் உண்டு.

"இது கேன்சர் மருந்தாமே? எனக்குக் கேன்சர் இல்லையே!"

இல்லை, உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் படும் கலக்கத்தைப் பார்த்திருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் போதாத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. குழாய்களைக் கசியச் செய்வதும் புதிய குழாய்களை முளைக்கச் செய்வதும் அந்தப் புரதம்தான். புற்றுக்கட்டிகளும் தமக்கு வேண்டிய இரத்தக் குழாய்களை வளர்க்க அதையே பயன்படுத்துவதால், அதை முடக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து (அவாஸ்டின் என்ற பெயரில் அறியப்படுவது) 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே அதைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தபோது வீக்கம் வற்றியது. கண்ணுக்குச் செலுத்துவது 1.25 மில்லிகிராம், புற்றுநோயாளிக்குச் செலுத்துவது நூற்றுக்கணக்கான மில்லிகிராம்.

இந்த மருந்து கண் நோய்க்கென்று உற்பத்தியாளரால் அனுமதி பெறப்படாதது என்பதையும், உலகெங்கும் கண் மருத்துவர்கள் அனுபவத்தின், ஆய்வுகளின் அடிப்படையில் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்தில் காண்பீர்கள். புற்றுநோய்க்கான ஒரே குப்பியிலிருந்து பலருக்குப் பிரித்தெடுக்கப்படுவதால், பிரிக்கும்போது தூய்மை தவறினால் பலருக்கு ஒரே நாளில் தொற்று வரலாம். அப்படிப்பட்ட நிகழ்வுகளை அடுத்து 2016-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்து, பிறகு விலக்கிக்கொண்டது. மருந்து எங்கே, எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல மருத்துவமனை அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

"விலை கம்மியான ஊசியும் இருக்கு, பல மடங்கு விலையுள்ளதும் இருக்கு. கம்மியானதைப் போட்டா கண் போயிடுமா?"

போகாது. வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் ஆகிய மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. தொடக்கத்தில் பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களிடம் மூன்றும் ஒரே அளவு பயனளித்தன. ஓராண்டில் பார்வைப் பலகையில் சராசரியாக எட்டு எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். தொடக்கத்திலேயே பார்வை 6/15 (இயல்பான கண் 15 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்துதான் படிக்க முடியும் நிலை) அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களிடம்தான் வேறுபாடு தெரிந்தது: அஃப்லிபர்செப்ட் சராசரியாக 18.9 எழுத்துகளும், ரானிபிசுமாப் 14.2 எழுத்துகளும், பெவாசிசுமாப் 11.8 எழுத்துகளும் கூட்டின. இரண்டாம் ஆண்டில் அந்த இடைவெளி குறைந்தது.

அதே ஆய்வுக் குழு, பார்வை குறைந்த கண்களில் விலை குறைந்த பெவாசிசுமாப்பை முதலில் செலுத்தி, போதிய பலன் இல்லாவிட்டால் அஃப்லிபர்செப்ட்டுக்கு மாறும் முறையைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளின் இறுதியில் தொடக்கம் முதலே அஃப்லிபர்செப்ட் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆனால் பத்தில் ஏழு கண்களுக்கு இடையில் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. இந்தியாவில் 2015 முதல் ரானிபிசுமாப்பின் உள்நாட்டு ஒத்த மருந்தும் கிடைக்கிறது, அதன் விலை மூல மருந்தை விடக் குறைவு. என் கருத்தைக் கேட்டால், ஒரே ஒரு விலையுயர்ந்த ஊசியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றுவிடுவதை விட, உங்களால் ஓராண்டு தொடர முடிகிற மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. வரவு செலவை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கேற்பத் திட்டம் வகுக்க முடியும்.

"மொத்தம் எத்தனை ஊசி? ஒண்ணு போட்டதுமே நல்லாத் தெரியுதே, நிறுத்திடலாமா?"

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். மருந்து வி.இ.ஜி.எஃப். புரதத்தைச் சில வாரங்களுக்கு முடக்கி வைக்கிறது. அது சுரப்பதற்கான காரணத்தை அகற்றுவதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் மருந்தின் வலிமை தீர்ந்ததும் கசிவு மீண்டும் தொடங்குகிறது. முதல் ஊசிக்குப் பிறகு தெரியும் தெளிவைக் குணமடைந்ததாக எண்ணி வீட்டில் இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து முன்பை விட மோசமான பார்வையுடன் திரும்பி வருபவர்கள் பலர். அப்போது ஊசியைத் தொடர்ந்தாலும் முதலில் கிடைத்திருக்கக்கூடிய பார்வை முழுவதும் கிடைப்பதில்லை.

ஆய்வுகளில் முதல் ஆண்டில் ஒன்பது அல்லது பத்து ஊசிகள் தேவைப்பட்டன. இரண்டாம் ஆண்டில் ஐந்து, ஆறு. மூன்றாம் ஆண்டில் இரண்டு, மூன்று. எனவே இது முடிவில்லாத தொடர் அல்ல. முதல் ஆண்டுதான் கனமானது. தொடக்கத்தில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் செலுத்தி, வீக்கம் வற்றி நிலைத்த பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளியை இன்னும் இரண்டு வாரமோ நான்கு வாரமோ நீட்டிக்கொண்டே போவதுதான் இப்போது பரவலான முறை. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், வி.இ.ஜி.எஃப். உடன் இன்னொரு புரதத்தையும் முடக்குவதால், சிலருக்கு நான்கு மாத இடைவெளி வரை நீட்டிக்க முடிகிறது.

"ஊசி இவ்வளவு நல்லதுன்னா இன்னும் லேசர் எதுக்கு?"

மையப்புள்ளி வரை வீக்கம் எட்டிப் பார்வை குறைந்திருந்தால் இன்று முதலிடம் ஊசிக்குத்தான். 2010-இல் வெளியான ஆய்வில், ரானிபிசுமாப் ஊசியுடன் லேசரும் பெற்றவர்கள் ஓராண்டில் சராசரியாக ஒன்பது எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். லேசர் மட்டும் பெற்றவர்கள் மூன்று எழுத்துகள்தான். லேசரை உடனே செய்வதா, ஆறு மாதம் தள்ளிப்போடுவதா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. அதனால் இப்போது பல மருத்துவர்கள் ஊசியில் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பிறகும் நீர் மிச்சமிருந்தால் லேசரைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் மையத்தைத் தொடாமல் ஓரமாக இருக்கும் கசிவு, ஒன்றிரண்டு புடைப்புகளிலிருந்து மட்டும் வரும் கசிவு, ஊசி செலுத்தக்கூடாத உடல்நிலை, மாதந்தோறும் வரவே முடியாத தூரம் ஆகியவற்றில் லேசர் இன்னும் நம்பகமானது. மேலே ஒருவர் தன் அண்ணனுக்குச் செய்ததாகச் சொன்ன, சுற்றுப்பகுதி முழுவதும் புள்ளி வைக்கும் லேசருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில் ஊசியை மட்டும் நம்பியிருந்து இடையில் வராமல் போனவர்கள், லேசர் செய்துகொண்டு வராமல் போனவர்களை விட மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்ந்து வர முடியுமா என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். சிகிச்சையின் தேர்வே அதைப் பொறுத்தது. திசுவில் வடு ஏற்படுத்தாமல் ஒளியை நுண்துடிப்புகளாகச் செலுத்தும் மைக்ரோபல்ஸ் லேசரும் இப்போது சில இடங்களில் உண்டு. வீக்கம் மிதமாக இருக்கும் கண்களுக்கு அது பொருத்தமானது.

"அஞ்சு ஊசி போட்டாச்சு, ஸ்கேன்ல நீர் அப்படியே இருக்கு. இனி?"

முதலில், ஐந்தும் உரிய இடைவெளியில் போடப்பட்டனவா என்று பாருங்கள். ஓராண்டில் சிதறிப் போடப்பட்ட ஐந்து ஊசிகள் ஐந்து மாதத்தில் போட்ட ஐந்துக்குச் சமமல்ல. சரியாகப் போட்டும் வற்றாத கண்கள் உண்டு. மருந்தை மாற்றுவது, லேசரைச் சேர்ப்பது, ஸ்டீராய்டுக்குப் போவது என்று அடுத்த படிகள் இருக்கின்றன. விழித்திரையின் மேல் சவ்வு படர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் அதைத் தளர்த்தாது. அறுவை சிகிச்சையால் அந்தச் சவ்வை உரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டீராய்டு என்று கேட்டதும் பலர் மிரள்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் டெக்சாமெத்தசோன் என்பது 0.7 மில்லிகிராம் மருந்து கொண்ட, தானாகக் கரையும் சிறு துண்டு. மூன்று, நான்கு மாதங்கள் வேலை செய்யும். அடிக்கடி வர இயலாதவர்களுக்கும், ஏற்கெனவே கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் அது நல்ல தேர்வாக அமையலாம். கண்புரையை விரைவுபடுத்துவதும் சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்துவதும் அதன் குறைகள். எனவே க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும், மற்றவர்களும் கண் அழுத்தத்தைத் தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு மாசம் முன்னாடி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. கண் ஊசி போடலாமா?"

வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கக் கண்ணுக்குள் செலுத்தும் மருந்தின் மிகச் சிறு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. அதனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்து சில மாதங்களே ஆனவர்களுக்கு மருத்துவர்கள் தயங்குவது வழக்கம். இதய, நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்டு, தள்ளிப்போடவோ மேலே சொன்ன ஸ்டீராய்டைத் தேர்ந்தெடுக்கவோ செய்வார்கள். கருவுற்ற பெண்களுக்கும் இந்த ஊசிகளைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை இந்த ஊசிக்காக நீங்களாகவே நிறுத்த வேண்டாம், பெரும்பாலும் தேவையில்லை.

"சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் ஊசியே இல்லாமல் நீர் வற்றாதா?"

சிலருக்கு ஓரளவு வற்றும். பார்வை குறைந்துவிட்டவர்கள் அதை மட்டும் நம்பிக் காத்திருக்கக்கூடாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: சர்க்கரையைக் கவனிக்காமல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது வீண் செலவாக முடியும். இரத்த அழுத்தத்துக்கும் அதே முக்கியத்துவம் உண்டு. பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான பெரும் ஆய்வில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு முற்றுவதும் பார்வை குறைவதும் கணிசமாகக் குறைந்தன. இரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, மிகுந்த கொழுப்பு ஆகியவையும் வீக்கத்தை வளர்க்கின்றன. சிறுநீரகம் பழுதாகி உடலெங்கும் நீர் கோத்திருப்பவருக்கு, அதைச் சரிசெய்ததும் கண் வீக்கமும் இறங்குவதுண்டு.

இரண்டு நுணுக்கங்களைச் சேர்க்க விரும்புகிறேன். பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை உடலில் நீரைத் தேக்கக்கூடியது, சிலருக்கு மாக்குலா வீக்கத்தைக் கூட்டலாம். அதைச் சாப்பிடுபவர்கள் சர்க்கரை மருத்துவரிடம் கண் நிலையைச் சொல்லுங்கள். அடுத்து, மிக அதிகமாக இருந்த சர்க்கரையைத் திடீரெனக் குறைக்கும்போது முதல் சில மாதங்கள் விழித்திரை மோசமாவதுண்டு. அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிடக்கூடாது. அந்தக் காலத்தில் கண்ணை அடிக்கடி காட்டினால் போதும். கண்ணில் தேனோ மூலிகைச் சாறோ விடுவது விழித்திரையைச் சென்றடையவே அடையாது. கருவிழியில் புண்ணைத்தான் உண்டாக்கும்.

"எங்க அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. அவங்களுக்கும் இதே ஊசி சொல்றாங்களே?"

வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. விழித்திரையிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாயான சிரை அடைபட்டால், அதிலும் குறிப்பாக உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, ஒரே நாளில் பார்வை மங்கி மையம் வீங்கும். கிளைச்சிரை அடைப்பில் லேசர் பயன் தருவதாக 1984-லேயே கண்டார்கள். மையச்சிரை அடைப்பில் லேசரால் கசிவு குறைந்தாலும் பார்வை கூடவில்லை என்று 1995-இல் தெரிந்தது. அதனால் அந்த நோயாளிகளுக்கு ஊசியின் வருகை பெரும் திருப்பமாயிற்று. முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவின் ஈர வகையிலும் (புதிய குழாய்கள் முளைத்துக் கசியும் வகை) இதே ஊசிகள்தான். ஆனால் கண்புரை அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பின் வரும் வீக்கத்துக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதும். எனவே காரணம் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"கண்புரையும் இருக்கு, நீரும் இருக்கு. எதை முதல்ல பாக்கணும்?"

பெரும்பாலும் முதலில் வீக்கத்தை அடக்குவார்கள், ஏனெனில் புரை அறுவையின் அதிர்ச்சியில் வீக்கம் கூடலாம். விழித்திரையே தெரியாத அளவுக்குப் புரை முற்றியிருந்தால் வேறு வழியின்றி அறுவையை முன்னால் வைத்து, அதே நேரத்தில் ஊசியையும் செலுத்துவதுண்டு.

"ஸ்கேன்ல நீர் சுத்தமா வத்திருச்சுன்னு சொல்றாங்க. ஆனா எழுத்து தெரியலையே?"

கேட்கும்போது மனம் கனக்கும் கேள்வி இது. ஓதம் ஏறிய சுவர் காய்ந்த பிறகும் உதிர்ந்த பூச்சு திரும்பி வராததைப்போல, நீண்ட காலம் நீரில் ஊறிய ஒளியுணர் செல்கள் அழிந்திருந்தால், நீர் வற்றியதும் அவை முளைப்பதில்லை. நுண்குழாய்கள் அடைபட்டு மையத்துக்கு இரத்தமே போகாத கண்களிலும் இதே நிலைதான். மஞ்சள் சாயப் படத்தில் அது தெரியும் என்று முன்பே சொன்னேன். ஸ்கேனில் தெரியும் தடிமனும் பார்வைப் பலகையில் படிக்கும் வரியும் எப்போதும் ஒன்றாக நகர்வதில்லை. வற்றிய பிறகும் பார்வை மெதுவாகச் சில மாதங்கள் கூடிக்கொண்டு போகலாம் என்பதால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். அதன் பிறகும் கூடாவிட்டால், உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்து, நல்ல விளக்கு ஆகியவற்றைக் கொண்டு எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் குறைபார்வைப் பிரிவு பெரிய கண் மருத்துவமனைகளில் உண்டு; அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

"மகன் வீட்டுக்கு வெளியூர் போறேன், நடுவுல ஊசி இருக்கு. வேற ஆஸ்பத்திரியில போட்டுக்கலாமா?"

தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், விட்டுவிடுவதை விட அது எவ்வளவோ மேல். எந்தக் கண்ணில், எந்த மருந்து, எந்தெந்தத் தேதியில் போடப்பட்டது என்ற பட்டியலையும், முதல் ஸ்கேன், கடைசி ஸ்கேன் இரண்டின் நகலையும், லேசர் செய்திருந்தால் அதன் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் ஸ்கேன் இல்லாமல் போனால் புதிய மருத்துவரால் வீக்கம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாலும் போதும். தடிமன் எண்கள் தெளிவாகத் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள்.